புது அறையும் பழைய மின்கம்பியும்

கையில் சிறிது பணம் சேர்ந்தால் நம் அங்கத்தினர் குடும்பங்களில் முதலில் எழும் எண்ணம், இருக்கும் வீட்டோடு இன்னும் ஓர் அறை சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதேயாகும். நெசவாளருக்கு அது இரண்டாவது தறி போடும் இடம். மகனுக்கு மணம் முடிந்தால் தனிக் குடித்தனத்திற்குரிய இடம். விவசாயிக்கு அது விதைநெல்லும் உரமூட்டையும் வைக்கும் இடம். சில வேளைகளில் மாட்டுக் கொட்டிலை ஒட்டிய தீவன அறை. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கூரைக்கும் என்ன செலவாகும் என்று வீட்டார் பல நாள் கலந்து பேசுகிறார்கள். நாளும் கிழமையும் பார்க்கிறார்கள். ஆனால், அவ்வறைக்கு மின்சாரம் எவ்வழியாக வரும், எத்தனை பிளக் பாயிண்டுகள் தேவைப்படும், அவற்றை அமைப்பவர் யார், அமைத்தபின் சோதிப்பவர் யார் என்னும் கேள்விகள் சுவர்ப்பூச்சு முடியும் நாள் வரையில் எழுவதில்லை. எழும்போதும், பக்கத்து அறையின் சுவிட்ச் பலகையிலிருந்து ஒரு கம்பியை இழுத்துவிட்டால் போதும் என்று இரண்டு மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடுகிறது.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். நூல் விலையையும் விளைபொருள் விலையையும் பற்றி எழுதவேண்டிய பக்கத்தில் பிளக் பாயிண்டைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கவும் கூடும். அவர்களுக்கு நாம் ஒரு நிகழ்ச்சியைக் கூற விரும்புகிறோம்.

நமக்கு நன்கு அறிமுகமான ஒரு நெசவாளர் குடும்பத்தில், தறிக்கென்று பின்கட்டில் ஓர் அறை கட்டினார்கள். ஜக்கார்டை மிதித்துத் தூக்கும் சிரமத்தைக் குறைப்பதற்காகச் சிறு மோட்டார் ஒன்றும் பொருத்தினார்கள். அறையில் மூன்று பிளக் பாயிண்டுகள். வேலை முடிந்ததும், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவரின் கையெழுத்தோடு ஒரு தாளும் வந்து சேர்ந்தது. கையெழுத்திட்டவர் அவ்வீட்டு வாசலை ஒருமுறையேனும் மிதித்தவரல்லர். சில வாரங்கள் சென்றபின், தறியில் அமர்ந்த அம்மையார், ஜக்கார்டின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் கை ‘சுரீர்’ என்கிறது என்றார். முதலில் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. மறுபடியும் மறுபடியும் அவர் சொல்லவே, வேறொரு வயர்மேனை அழைத்துப் பலகையைத் திறந்து பார்த்தார்கள். மூன்று பாயிண்டுகளிலிருந்தும் வந்த எர்த் கம்பி, எதனோடும் இணைக்கப்படாமல் பலகைக்குள் சுருட்டி விடப்பட்டிருந்தது. மோட்டாரில் ஏற்பட்டிருந்த சிறு கசிவு, போகும் வழியின்றி இரும்புச் சட்டத்தில் தங்கியிருந்தது. உயிர்ச்சேதம் நேரவில்லை. அது கோடைக்காலம்; தறிக்குழி காய்ந்திருந்தது. ஐப்பசி மழையில் குழி ஊறியிருக்கும் நாளாக இருந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாம் எழுதிக் காட்டவேண்டியதில்லை.

அந்தத் தாளில் ஒரு குறையும் இல்லை. உரிம எண் இருந்தது, முத்திரை இருந்தது, தேதியும் இருந்தது. இல்லாதது சோதனை ஒன்றே. சான்று என்பது கையெழுத்தா அல்லது சோதனையா என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. சோதனையே சான்று, கையெழுத்து அதற்குச் சாட்சி மட்டுமே என்பது நமது உறுதியான கருத்து.

விதி சொல்வது என்ன?

இந்நாட்டில் விதி இல்லாமல் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதியே இதைத் தெளிவாகச் சொல்லிற்று. பின்னர் அவ்விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-ஆம் ஆண்டிலும், அவற்றின் இடத்தில் புதிய ஒழுங்குமுறைகள் 2023-ஆம் ஆண்டிலும் வந்தன. ஆண்டுகள் மாறினும் கருத்து மாறவில்லை. மின்சாரம் பெறுவோரின் இடத்தில் புதிதாகச் சேர்த்தல், மாற்றுதல், பழுது பார்த்தல் ஆகிய எந்த மின்வேலையையும் மாநில அரசிடம் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்தல் வேண்டும். அவ்வேலை தகுதிச்சான்று பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில், அனுமதி பெற்ற தொழிலாளியின் கையால் நடைபெறுதல் வேண்டும். நம் மாநிலத்தில் இவ்வுரிமங்களையும் சான்றுகளையும் அளிப்பதற்கென்றே மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது.

இவ்விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச் முதலியவற்றை, அமைப்பின் கொள்ளளவும் தன்மையும் மாறாத வகையில் அகற்றிப் புதியது பொருத்துவதற்கு உரிமம் தேவையில்லை. எரிந்துபோன பல்பை மாற்ற ஒப்பந்தக்காரரைத் தேடுமாறு எந்தச் சட்டமும் எவரையும் வருத்தவில்லை. ஆனால், இல்லாத இடத்தில் ஒரு பிளக் பாயிண்டை உண்டாக்குவது மாற்றிப் பொருத்துவது ஆகாது. அது சேர்த்தலே ஆகும். ஒரு பாயிண்டாயினும் அவ்வாறே. புது அறை முழுவதற்கும் கம்பி இழுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இங்கு ஒரு நுட்பத்தை அங்கத்தினர் கவனித்தல் வேண்டும். புதிய இணைப்போ கூடுதல் மின்சுமையோ கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால், இணைப்புக் கொடுக்கும் முன் மின்சாரம் வழங்குவோர் வந்து ஆய்ந்து சோதித்தல் வேண்டும் என்று விதி இருக்கிறது. மின்வாரியம் என்று நாம் பழக்கத்தால் இன்னும் அழைத்துவரும் மின் பகிர்மானக் கழகத்தாரின் பொறுப்பு அது. ஆனால், பழைய இணைப்பிலிருந்தே ஒரு கம்பியை இழுத்துப் புது அறைக்குப் பாயிண்டு அமைத்துக் கொள்பவர் எவரிடமும் விண்ணப்பிப்பதில்லை. ஆகவே எவரும் வந்து பார்ப்பதுமில்லை. அப்போது அவ்வேலையைச் சோதிக்கும் கண், அதைச் செய்த வயர்மேனின் கண் ஒன்றேயாகும். அக்கண்ணும் மூடியிருக்குமாயின், அக்குடும்பத்திற்கும் அபாயத்திற்கும் நடுவில் நிற்பது வெறும் தாளே. வேலையைச் செய்தவர் தரும் சான்று மெய்யாக இருத்தல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

கம்பியைக் காப்பது வேறு, ஆளைக் காப்பது வேறு

பியூஸ் இருக்கிறதே, ஏதேனும் நேர்ந்தால் அது போய்விடாதா என்று பலர் எண்ணுகிறார்கள். இது பெரும் பிழை. பியூஸ் கம்பியைக் காப்பதற்காக ஏற்பட்டது. ஆளைக் காப்பதற்காக அன்று. கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரத்தில் இருப்பவரின் உடல், மின்னோட்டத்திற்குச் சுமார் 1,000 ஓம் தடையாக நிற்கிறது என்று கொண்டால், அவர் உடலில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவு. 5 ஆம்பியர் பியூஸுக்கு இது ஒரு பொருட்டேயன்று. அந்தப் பியூஸ் சிறிதும் சூடேறாமல் தன் இடத்தில் இருக்கும். ஆனால், சில பத்து மில்லி ஆம்பியர் நெஞ்சின் ஊடே பாய்ந்தாலே இதயத் துடிப்பு நிலைகுலைந்துவிடக் கூடும்.

குழித்தறியில் அமர்பவரின் நிலையை இப்போது எண்ணிப் பாருங்கள். அவருடைய கால்கள் மண்ணுக்குள் இறங்கியிருக்கின்றன. மழைக்காலத்தில் அக்குழியில் நீர் ஊறுவதை நெசவாளர் அனைவரும் அறிவர். பருத்தி நெசவில் ஊடைத் தாரை நனைத்து நெய்யும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. ஆகவே கையும் ஈரம். மண்ணில் காலும், இரும்பில் கையுமாக நாள் முழுதும் அமர்ந்திருக்கும் தொழிலாளிக்கு, மேசை முன் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒருவரைவிட மின் கசிவால் நேரக்கூடிய அபாயம் பல மடங்கு அதிகம். இக்காலத்தில் அந்தத் தறியைச் சுற்றி மின்சாரம் பலவாறு வந்துவிட்டது. தலைக்கு மேல் விளக்கு, பக்கத்தில் மின்விசிறி, தார் சுற்றும் மோட்டார் ராட்டை, ஜக்கார்டைத் தூக்கும் மோட்டார் என ஒவ்வொன்றும் ஒரு பிளக் பாயிண்டைக் கேட்கிறது. மாட்டுக் கொட்டிலில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தீவனம் நறுக்கும் இயந்திரத்தை இயக்கும் விவசாயியின் நிலையும் இதுவேயாகும்.

இந்த அபாயத்தினின்று காப்பவை இரண்டு. ஒன்று, ஒழுங்கான நில இணைப்பு. நாம் எர்த் என்று சொல்வது. இரும்பில் கசிந்த மின்சாரத்தை மனித உடலின் வழியாகவன்றித் தன் வழியாக மண்ணுக்குக் கொண்டு செல்வது அது. மற்றொன்று, கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்னும் கருவி, இதையே ஆர்.சி.சி.பி. என்றும் கடைகளில் கேட்டு வாங்குகிறோம். போகும் கம்பியில் சென்ற மின்சாரம் அனைத்தும் வரும் கம்பியில் திரும்பி வருகிறதா என்று அது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வீடுகளுக்குரியது, 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு கண்டால் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும் வகை. பியூஸ் கவனியாத கால் ஆம்பியரை இக்கருவி கவனித்துவிடும். இதைப் பொருத்திய சில வீடுகளில், அடிக்கடி துண்டிக்கிறது என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அடிக்கடி துண்டிக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவைத் தேடாமல் கருவியைக் கழற்றுவது, கூவி எழுப்பிய காவற்காரனை வேலையை விட்டு நீக்குவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது துளையைப் பற்றியும் ஒரு சொல். பிளக் பாயிண்டின் மேற்புறத்தில் உள்ள பெரிய துளை எர்த்துக்குரியது. துளை இருப்பதனாலேயே எர்த் இருப்பதாகாது. அதன் பின்னே கம்பி இல்லாத பாயிண்டுகள் நம் வீடுகளில் எத்தனையோ உள்ளன. சிலர் இதைவிடக் கேடான ஒன்றைச் செய்கிறார்கள்: எர்த் கம்பி இழுக்கும் செலவை மிச்சப்படுத்த, அத்துளையைப் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரல் கம்பியோடு சேர்த்துவிடுகிறார்கள். நியூட்ரல் கம்பி என்றேனும் ஓரிடத்தில் அறுந்தால், அந்தப் பாயிண்டில் செருகிய இயந்திரத்தின் இரும்புடல் முழுவதிலும் 230 வோல்ட் நிற்கும். பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். சோதித்தாலன்றி இதைக் கண்டுகொள்ள இயலாது.

இனி, கம்பியின் பருமன். பழைய வீடுகளில் விளக்குக்கென்று இழுத்த கம்பி 1 சதுர மில்லிமீட்டர் அளவினதாக இருக்கும். அதனின்று புது அறைக்குக் கிளை இழுத்து, விளக்கோடு இஸ்திரிப் பெட்டியும் மோட்டாரும் வெந்நீர்க் கம்பியும் மாட்டுகிறோம். 6 ஆம்பியர் பாயிண்டு ஒன்று தாங்கும் அளவு 230 வோல்ட்டில் 1,380 வாட். 1,500 வாட் வெந்நீர்க் கம்பி ஒன்றே அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. அதற்கு 16 ஆம்பியர் பாயிண்டும், அதற்குரிய 4 சதுர மில்லிமீட்டர் தனிக் கம்பியும் வேண்டும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் எழும் சூடு நான்கு மடங்காகும். பியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று தடித்த செம்புக் கம்பியை அதில் கட்டிவிடுவோரும் உளர். அப்போது பியூஸுக்குப் பதிலாகச் சுவருக்குள் இருக்கும் கம்பி எரிகிறது. பஞ்சுத் தூசி படியும் தறிக்கூடத்தில், வைக்கோல் அடுக்கிய அறையில், இதன் விளைவு யாதென்பது வெளிப்படை.

இத்துடன் மின்கட்டணச் சலுகையையும் சேர்த்து எண்ணவேண்டும். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 200 யூனிட் என்றிருந்த விலையில்லா மின்சாரம் 2023-ஆம் ஆண்டில் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்க உதவி அது. ஆனால், கட்டணம் குறைந்ததும் கருவிகள் பெருகுகின்றன. அவற்றைத் தாங்கவேண்டிய கம்பியோ முன்பு இழுத்த அதே கம்பி. யூனிட் இலவசம் என்பதனால் கம்பி குளிர்ந்திருப்பதில்லை.

மறுப்போர் சொல்வதும் நியாயமே

சான்று வேண்டும் என்ற உடனே, ‘இன்னும் ஒரு தாள், இன்னும் ஒரு செலவு, இன்னும் ஒருவரிடம் கைகட்டி நிற்றல்’ என்று அங்கத்தினர் முகஞ்சுளிப்பதை நாம் அறிவோம். அவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. அன்றாடக் கூலியில் வாழும் நெசவாளருக்கு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் எளிதில் கிட்டுவதில்லை. பெரிய கட்டடங்களுக்குப் போகிறவர், மூன்று பாயிண்டு வேலைக்குக் கிராமத்திற்கு வரமாட்டார். வருகிறவர் தெருவில் வளர்ந்த பிள்ளை, கைத்திறமை உள்ளவன், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருபவன். ஆனால் அவனிடம் உரிமம் இல்லை. ஆகவே வேலை அவனுடையது, கையெழுத்து வேறொருவருடையது என்ற முறை நாளடைவில் வழக்கமாகிவிட்டது. அங்கத்தினர் இரண்டு பேருக்கும் பணம் கொடுக்கிறார். ஆனால் எதற்காகச் சட்டம் ஏற்பட்டதோ அந்தச் சோதனை மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை.

சட்டத்தைக் கடுமையாக்கினால் இது தீர்ந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. கடுமையாக்கினால் கையெழுத்தின் விலை ஏறும், அவ்வளவே. அதற்காகச் சட்டத்தைத் தள்ளிவைப்பதும் சரியன்று. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதற்குப் பிறநாட்டு அனுபவம் ஒன்றைக் காட்டலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஜனவரி முதல் வீட்டு மின்வேலைகள் கட்டட விதிகளின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. பதிவு பெற்ற மின்பணியாளர், தாம் செய்த வேலைக்குத் தாமே சான்றளிக்கலாம். பதிவு பெறாதவர் செய்தால் உள்ளூர் அதிகாரிகளுக்கு அறிவித்து ஆய்வுக்கு உட்படுதல் வேண்டும். 2013-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இது தளர்த்தப்பட்டது. புதிய தனிச் சுற்று ஒன்றை அமைத்தால் அறிவிக்கவேண்டும்; குளியலறை போன்ற இடங்கள் நீங்கலாக, உள்ள சுற்றிலேயே ஒரு பாயிண்டைச் சேர்ப்பதற்கு அறிவிப்புத் தேவையில்லை என்றாயிற்று. எனினும், அவ்வேலையும் பாதுகாப்பாக இருத்தல் வேண்டும் என்ற கடமை நீங்கவில்லை. சிறு வேலைக்கும் சோதனை அளவுகளைக் குறித்த தாளை வீட்டாரிடம் கொடுப்பது அங்குத் தொழில்முறையாக இருந்துவருகிறது. அறிவிக்கும் சுமையைக் குறைத்தார்கள், சோதனையைக் குறைக்கவில்லை. நாம் மனத்திற் கொள்ளவேண்டிய பாடம் இதுவே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தனியொருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கே கூட்டுறவு ஏற்பட்டது. நூலைத் தனித்தனியே வாங்கினால் ஏமாறுகிறோம் என்றுதான் சேர்ந்து வாங்கினோம். உரத்தையும் விதையையும் அவ்வாறே. மின்கம்பியையும் மின்சோதனையையும் மட்டும் ஏன் தனித்தனியே வாங்கி ஏமாறவேண்டும்? ஆகவே, சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் கவனத்திற்கு நாம் சில யோசனைகளைக் கொண்டுவர விரும்புகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு சங்கமும், அல்லது அருகருகே உள்ள சில சங்கங்கள் சேர்ந்து, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவருடன் ஆண்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஒரு பாயிண்டு அமைக்க இன்ன கூலி, ஓர் அறையைச் சோதிக்க இன்ன கூலி என்று எழுதிச் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். மூன்று பாயிண்டுக்கு வரமாட்டேன் என்பவர், ஒரு தெருவின் முப்பது வீடுகளுக்கு வருவார்.

இரண்டாவது, சோதனைக் கருவிகள் சங்கத்தின் உடைமையாக இருத்தல் நன்று. 500 வோல்ட் மெக்கர், எர்த் தடையை அளக்கும் கருவி, ஆர்.சி.டி.யைச் சோதிக்கும் கருவி ஆகிய இவை ஒரு குடும்பம் வாங்கத்தக்கவை அல்ல. ஒரு சங்கத்திற்கு எட்டாதவையும் அல்ல. பயன்படுத்தத் தகுதிச்சான்று உடையவர் கையில்தான் அவை தரப்படவேண்டும்.

மூன்றாவது, சான்றுத்தாள் தமிழில், அங்கத்தினர் படித்தறியும் வண்ணம் இருத்தல் வேண்டும். அதில் எண்கள் இருத்தல் வேண்டும். ‘சோதித்தேன், சரியாக உள்ளது’ என்ற ஒரு வரி போதாது. எந்தப் பாயிண்டுக்கு எவ்வளவு பருமனுள்ள கம்பி, எர்த் கம்பி கடைசி வரையில் தொடர்ந்து செல்கிறதா, மின் கம்பியும் நியூட்ரலும் தத்தம் துளைகளில் உள்ளனவா, ஆர்.சி.டி. எத்தனை மில்லி ஆம்பியரில் துண்டித்தது, எர்த் தடை எத்தனை ஓம் ஆகிய விவரங்கள் அதில் இடம்பெறவேண்டும். மின்காப்புத் தடை முக்கியமானது. மின் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 500 வோல்ட்டை ஒரு நிமிடம் செலுத்தி அளந்தால் குறைந்தது 1 மெகா ஓம் இருக்கவேண்டும் என்பது விதிகளில் கூறப்பட்ட அளவு. அவ்வெண் தாளில் இல்லையேல், சோதனை நடக்கவில்லை என்றே கொள்ளலாம். வீட்டுக்கு வராதவர் கையெழுத்திடலாம்; ஆனால் அளவுகளை அங்கத்தினர் முன்னிலையில் எடுத்து எழுதவேண்டும் என்றால் வந்துதான் ஆகவேண்டும். ஒரு பிரதி அங்கத்தினரிடமும் மற்றொன்று சங்கத்திலும் இருக்கட்டும்.

நான்காவது, வீட்டுக் கடனோ தறிக்கூடக் கடனோ வழங்கும்போது, மதிப்பீட்டில் மின்னமைப்புக்கென்று தனித் தொகை ஒதுக்கவேண்டும். இப்போது செங்கல்லிலும் கூரையிலும் பணம் தீர்ந்தபின் மிஞ்சியதே மின்கம்பிக்கு வருகிறது. கடைசித் தவணையைச் சோதனைச் சான்று கண்டபின் வழங்குவது என்று சங்கம் தீர்மானித்தால், அது அங்கத்தினரை வருத்துவதற்காக அன்று. அவருடைய பணம் ஒப்பந்தக்காரரிடம் முழுவதும் போய்ச் சேர்வதற்கு முன் வேலை ஒழுங்காக முடிவதற்காகவே. தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் தறிக்கூடங்களுக்கும் விளக்கு வசதிக்கும் உதவி பெறும் இடங்களிலும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

ஐந்தாவது, தெருவில் வளர்ந்த அந்தப் பிள்ளையை மறந்துவிடக் கூடாது. அவன் நம் அங்கத்தினர் ஒருவரின் மகன். மின்கம்பியாள் உதவியாளருக்கென அரசு நடத்தும் தகுதித் தேர்வும், அதற்கு மேற்பட்ட சான்றுகளும் இருக்கின்றன. கைத்திறமை உள்ள இளைஞர்களுக்குச் சங்கம் தேர்வுக் கட்டணமும் பயிற்சிக்கு ஏற்பாடும் செய்து கொடுத்தால், சில ஆண்டுகளில் ஒவ்வோர் ஊரிலும் தகுதிச்சான்றுள்ள நம்முடைய ஆட்களே இருப்பார்கள். விரட்டுவதைவிட உயர்த்துவதே கூட்டுறவுக்கு அழகு.

அங்கத்தினர் செய்யவேண்டியவை

சங்கம் தீர்மானிக்கும் வரையில் அங்கத்தினர் வாளாவிருக்கவேண்டியதில்லை. அறை கட்டத் திட்டமிடும்போதே, எந்த இடத்தில் எந்தக் கருவி வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாயிண்டுகள் தறிக்குழிக்கும் நீர்த் தொட்டிக்கும் எட்டவே இருக்கட்டும். தரையை ஒட்டி அமைக்கவேண்டா. புது அறைக்கு மெயின் பலகையிலிருந்தே தனிச் சுற்று இழுக்கச் சொல்லுங்கள். கம்பியிலும் பாயிண்டிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பாருங்கள். கூடுதல் கருவிகளால், அனுமதிக்கப்பட்ட மின்சுமை மிஞ்சுமாயின் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். வீட்டில் கைத்தறி நெய்வதற்கு வீட்டுக் கட்டண வகையே பொருந்தும். விசைத்தறிக்கு வகை வேறு. விவசாயப் பம்புசெட்டுக்கென 1990-ஆம் ஆண்டு முதல் கிடைத்துவரும் இலவச மின்சாரத்தை வீட்டு அறைக்கு இழுப்பது, 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகமாகும். உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு செலுத்தவேண்டி வரும். ஓர் அறைக்குக் கம்பி இழுத்த சிக்கனம், ஓராண்டு வருமானத்தைக் கொண்டுபோய்விடக் கூடும்.

வேலை முடிந்த நாளில், வயர்மேனுக்குக் கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன், நம் கண் முன்னே சோதிக்கச் சொல்லுங்கள். இது அவமரியாதை அன்று. நெய்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைக்கும்போது நீளமும் அகலமும் அளந்து, இழை எண்ணிப் பார்த்தே கூலி தருகிறார்கள். எந்த நெசவாளரும் அதை அவமதிப்பாகக் கொள்வதில்லை. நம் வேலைக்கு நாம் உட்படும் அளவீட்டை, நம் உயிர் தங்கியிருக்கும் வேலைக்கும் கேட்பதில் தவறென்ன? ஆர்.சி.டி. பொருத்தியிருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், உடனே துண்டிக்கவேண்டும். அமாவாசைதோறும் தறிக்கு ஓய்வு கொடுக்கும் வீடுகளில் அந்நாளையே இதற்கு வைத்துக்கொள்ளலாம். இரும்பைத் தொட்டால் சிறிது ‘சுரீர்’ என்கிறது என்று வீட்டில் எவரேனும் சொன்னால், அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள். பெரும்பாலும் அதை முதலில் சொல்பவர் பெண்மக்களும் முதியோருமே. பெரும்பாலும் கேட்கப்படாமற் போவதும் அவர்கள் சொல்லே.

அரசினரிடமும் மின்வழங்கும் கழகத்தாரிடமும் நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். சிறு வீடுகளில் ஓரிரு பாயிண்டு சேர்ப்போர், குறைந்த கட்டணத்தில் தம் அமைப்பைச் சோதித்துக் கொள்ள ஒரு வழி வேண்டும். அங்ஙனம் தாமே முன்வந்து சோதிக்கக் கேட்பவரைப் பழைய குற்றத்திற்குத் தண்டிக்காமல், திருத்திக்கொள்ள அவகாசம் தரவேண்டும். தண்டனைக்கு அஞ்சியே பலர் பலகையைத் திறந்து காட்டத் தயங்குகிறார்கள்.

வரும் பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, ஒப்பந்தக்காரர் ஏற்பாட்டையும் தமிழ்ச் சான்றுத்தாளையும் பற்றியேனும் தீர்மானம் செய்தல் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஐப்பசி வருமுன் செய்தல் நலம்; ஏனெனில் மழை பேரவையின் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. நாம் முன்பு கூறிய அம்மையார் இன்றும் அதே தறியில் அமர்ந்து நெய்துவருகிறார். எர்த் கம்பியைப் பலகையில் முறுக்கிச் சேர்க்க, வந்த வயர்மேனுக்கு அன்று கால் மணி நேரமே பிடித்தது.